சுடுநிலைச் செப்பனிடல் (எஃகு உலைகள்)

சுடுநிலைச் செப்பனிடல் என்பது எஃகு உருக்கும் உலைகளின் உட்புறத்தில் உள்ள வெப்பந்தாங்கு உட்சுவரை, உலையைக் குளிரவிடாமல், அது செந்தழலாக இருக்கும்போதே பழுதுபார்க்கும் முறைகளின் பொதுப்பெயர் ஆகும். உருகிய எஃகும் அதன் மேல் மிதக்கும் கசடும் ஒவ்வொரு உருக்கலின்போதும் உட்சுவரைச் சிறிது அரித்துவிடுகின்றன. அரிக்கப்பட்ட இடத்தை, இரு உருக்கல்களுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் நிரப்புவதும் பூசுவதும் இம்முறைகளின் நோக்கம். இவற்றின் வளர்ச்சியால், சில நூறு உருக்கல்களுக்கு ஒருமுறை இடித்துக் கட்டப்பட்ட உட்சுவர்கள் பல ஆயிரம் உருக்கல்கள் வரை நீடிக்கலாயின.

அடிப்படைச் சொற்கள்

வெப்பந்தாங்கிகள் என்பவை மிக உயர்ந்த வெப்பநிலையிலும் உருகாமலும் வலுவிழக்காமலும் இருக்கும் பொருட்கள். தீச்செங்கல் இவற்றுள் பலரும் அறிந்தது. எஃகு உலைகளில் பெரும்பாலும் மக்னீசியா எனப்படும் மக்னீசியம் ஆக்சைடும், டோலமைட்டைச் சுட்டுப் பெறும் பொருளும் பயன்படுகின்றன. தூய மக்னீசியா ஏறத்தாழ 2,800 °செ (செல்சியசு பாகை) வெப்பநிலையில்தான் உருகும். உருகிய எஃகின் வெப்பநிலையோ 1,600 முதல் 1,700 °செ வரையே இருக்கும்.

உலையின் வெளிக்கூடு எஃகுத் தகடால் ஆனது. அதை ஒட்டி நிலைச்சுவரும், அதற்கு உள்ளே உருகிய உலோகத்தைத் தொடும் பணிச்சுவரும் அமைகின்றன. தேய்வது பணிச்சுவர். நிலைச்சுவர் கடைசிக் காப்பு மட்டுமே.

உலையில் மூலப்பொருட்களை இட்டு, உருக்கி, வடித்து முடிக்கும் ஒரு முழுச் சுற்றை ஆலைகளில் ஹீட் என்பர். இட்லியை 'ஒரு ஈடு, இரண்டு ஈடு' என எண்ணுவதைப் போன்றதே இது. ஆகவே இக்கட்டுரையில் 'ஈடு' என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. உட்சுவரின் ஆயுள் ஆண்டுகளால் அன்றி ஈடுகளால் அளக்கப்படுகிறது.

உட்சுவர் தேய்வதற்கான காரணங்கள்

இன்று உலகில் பெரும்பங்கு எஃகு ஆக்சிசன் மாற்றுலைகளில் உருவாகிறது. கன்வெர்ட்டர் எனப் பொறியாளர்கள் அழைக்கும் இவ்வுலை பேரிக்காய் வடிவிலான பெரிய கலமாகும். இதில் உருகிய வார்ப்பிரும்பை ஊற்றி, மேலிருந்து இறங்கும் குழல் வழியாக ஒலியை விஞ்சும் விரைவில் ஆக்சிசனைச் செலுத்துவர். 15 முதல் 20 நிமிடங்களில் இரும்பிலுள்ள கார்பன் எரிந்து எஃகு கிடைக்கிறது. இந்நேரத்தில் உட்சுவர் பல வகைகளில் தாக்கப்படுகிறது.

* வேதி அரிப்பு: கசடில் உள்ள சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் மக்னீசியாவைக் கரைக்கின்றன. மக்னீசியா-கார்பன் செங்கற்களில் கசடு ஊடுருவாமல் தடுப்பது கார்பன். இரும்பு ஆக்சைடு அந்தக் கார்பனை எரித்து கார்பன் மோனாக்சைடாக வெளியேற்றுகிறது. காப்பு இழந்த மக்னீசியா மணிகளைக் கசடு எளிதில் அடித்துச் செல்கிறது.
* பொறிமுறைத் தேய்வு: பழைய இரும்புத் துண்டுகள் டன் கணக்கில் உலைக்குள் கொட்டப்படும்போது அவை விழும் பக்கம் அடிபடுகிறது. எஃகு வடியும் துளையைச் சுற்றியுள்ள பகுதி ஓட்டத்தால் தேய்கிறது.
* வெப்பத் தகைவு: சூடு ஏறி இறங்கும்போது செங்கற்கள் விரிந்து சுருங்கி, முகப்பிலிருந்து செதில்களாக உதிர்கின்றன.

தேய்வு எல்லா இடத்திலும் சீராக இருப்பதில்லை. கசடு நிற்கும் மட்டம், உலையைத் தாங்கும் அச்சுகளின் பக்கம், இரும்புத் துண்டுகள் விழும் பக்கம் ஆகியவை விரைவில் மெலிகின்றன. உட்சுவரின் ஆயுளை முடிவு செய்வது அதன் சராசரித் தடிமன் அன்று. மிக மெலிந்த ஓர் இடமே அதை முடிவு செய்கிறது. மற்ற இடங்களில் செங்கல் பாதிக்கு மேல் மீந்திருந்தாலும் அந்த ஓரிடத்துக்காக முழுச் சுவரையும் இடிக்க நேரிடும். சுடுநிலைச் செப்பனிடலின் முதற்பயன் இவ்வீணடிப்பைத் தவிர்ப்பதே.

சூட்டிலேயே செப்பனிடுவது ஏன்?

குளிரவிட்டுப் பழுதுபார்ப்பதே எளிது எனத் தோன்றலாம். ஆனால் மூன்று காரணங்களால் அது தவிர்க்கப்படுகிறது.

முதலாவது, நேரம். பெரிய மாற்றுலையைக் குளிரவைத்து, இடித்து, செங்கல் அடுக்கி, மீண்டும் சூடேற்றப் பல நாட்கள் ஆகும். அத்தனை நாட்களும் ஊதுலையிலிருந்து இரும்பு வந்துகொண்டே இருக்கும். ஊதுலையை நினைத்தபோது நிறுத்த முடியாது.

இரண்டாவது, வெப்பத்தால் ஏற்படும் சுருக்கம். ஒரு மீட்டர் நீளமுள்ள மக்னீசியாச் செங்கல் வரிசை, அறை வெப்பநிலையிலிருந்து 1,600 °செ வரை சூடேறும்போது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீள்கிறது. சூட்டில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் செங்கற்கள் குளிரும்போது சுருங்கி இடைவெளி விடுகின்றன. மீண்டும் சூடேற்றும்போது அவை பழையபடி பொருந்தும் என்ற உறுதி இல்லை. குளிரவைப்பதே புதிய சேதத்தை உண்டாக்கும்.

மூன்றாவது, ஈரம். டோலமைட்டுச் செங்கற்களில் சுட்ட சுண்ணாம்பு உள்ளது. குளிர்ந்த நிலையில் அது காற்றின் ஈரத்தை ஏற்று, நீறுபூத்த சுண்ணாம்பைப் போலப் பொடியாகிவிடும்.

வரலாறு

என்றி பெசிமர் 1856 இல் அறிமுகப்படுத்திய மாற்றுலையின் உட்சுவர் சிலிக்கா மிகுந்த பொருளால் ஆனது. அதன் அடிப்பகுதி மிக விரைவில் தேய்ந்ததால், அமெரிக்கப் பொறியாளர் அலெக்சாண்டர் ஓலி கழற்றி மாற்றக்கூடிய அடிப்பகுதியை வடிவமைத்தார். செப்பனிட முடியாததை மாற்றிவிடுவது என்பதே அன்றைய வழி.

சிலிக்காச் சுவர் கொண்ட உலைகளில் இரும்பிலுள்ள பாசுபரசை நீக்க முடியவில்லை. அதற்குச் சுண்ணாம்பு இட வேண்டும்; சுண்ணாம்பு சிலிக்காவைக் கரைத்துவிடும். இலண்டனில் நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றிய சிட்னி கில்கிரிசுட்டு தாமசு, வேதியியலாளரான தம் உறவினர் பெர்சி கில்கிரிசுட்டுடன் சேர்ந்து, 1870களின் இறுதியில் டோலமைட்டு உட்சுவரைக் கொண்டு இதற்குத் தீர்வு கண்டார். எந்த எஃகை உருவாக்கலாம் என்பதை உட்சுவரின் வேதியியலே முடிவு செய்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. செப்பனிடும் பொருளும் சுவரின் வகைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறக்கிறது.

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் முதன்மை பெற்றிருந்த திறந்த அடுப்பு உலைகளில், ஒவ்வொரு ஈடும் வடிந்தபின் தொழிலாளர்கள் உலையின் கதவுகள் வழியாக டோலமைட்டு மணிகளை மண்வெட்டியால் வீசிக் கரைகளை நிரப்பினர். உலைச் சூட்டில் அம்மணிகள் இறுகிச் சுவரோடு சேர்ந்தன. சுடுநிலைச் செப்பனிடலின் மிகப் பழைய, மிகக் கடினமான வடிவம் இது.

பொருளைக் காற்றழுத்தத்தால் பீச்சும் கருத்து உலோகத் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. சிகாகோ அருங்காட்சியகத்தில் விலங்குகளின் உடலைப் பாடம் செய்யும் பணியில் இருந்த கார்ல் ஏக்லி, 1907 இல் சிமெண்டுக் கலவையைப் பீச்சும் கருவியை உருவாக்கினார். அதே அடிப்படையில் அமைந்த எந்திரங்கள் பின்னாளில் உலைச்சுவர்களுக்கும் பயன்படலாயின.

1952 இல் ஆசுத்திரியாவின் லின்சு நகரிலும், 1953 இல் டோனாவிட்சு நகரிலும் ஆக்சிசன் மாற்றுலைகள் இயங்கத் தொடங்கின. அவ்விரு ஊர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எல்-டி முறை எனப்படுகிறது. தொடக்கத்தில் இவற்றின் உட்சுவர்கள் சில நூறு ஈடுகளே தாங்கின. 1970களில் சப்பானில் உருவான மக்னீசியா-கார்பன் செங்கற்களும், பீச்சு முறைகளும் ஆயுளைப் பலமடங்கு உயர்த்தின. அடுத்த பெரும் மாற்றம், கீழே விளக்கப்படும் கசடு தெறிப்பு முறையாகும்.

முறைகள்

பீச்சுப் பூச்சு

ஆலை வழக்கில் கன்னிங் எனப்படும் இம்முறையே மிகப் பரவலானது. மக்னீசியா மணிகள், சோடியம் சிலிக்கேட்டு அல்லது பாசுபேட்டு போன்ற பிணைப்பி ஆகியவை கலந்த தூள் காற்றழுத்தத்தால் குழாய் வழியே செல்கிறது. குழாயின் முனைக்கு அருகில் நீர் சேர்க்கப்பட்டு, கலவை சுவரின் மேல் பீச்சப்படுகிறது. சுவரின் சூட்டில் நீர் ஆவியாகிப் பூச்சு இறுகுகிறது.

நீரின் அளவே இங்கு முக்கியம். நீர் குறைந்தால் மணிகள் ஒட்டாமல் துள்ளித் தெறித்து வீணாகும். நீர் மிகுந்தால் பூச்சு வழியும். அதில் நுண்துளைகளும் மிகும். சுவர் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், தோசைக்கல்லில் தெளித்த நீர் துள்ளுவதுபோல, நீராவிப் படலம் பூச்சைச் சுவரில் படியவிடாமல் தள்ளிவிடும். நன்றாகப் பூசினாலும் இது செங்கல்லின் அடர்த்தியைப் பெறுவதில்லை. சில ஈடுகளுக்குப் பின் மீண்டும் பூச வேண்டும்.

தழற்பீச்சு

நீரே இல்லாமல் பூசுவதற்காக உருவானது தழற்பீச்சு. வெப்பந்தாங்கித் தூள், எரிவளி அல்லது கற்கரித்தூளுடன் ஆக்சிசன் தழலின் ஊடாகச் செலுத்தப்படுகிறது. தழலில் பாதி உருகிய மணிகள் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. நீராவியால் வரும் நுண்துளைகள் இல்லாததால் பூச்சு அடர்த்தியானது, நீடித்து உழைப்பது. 1970களில் சப்பானிலும் சோவியத் ஒன்றியத்திலும் இம்முறை வளர்ந்தது. கருவிச் செலவும் எரிபொருள் செலவும் மிகுதி.

பீங்கான் பற்றவைப்பு

1970களில் பெல்ஜியத்தின் கிளாவர்பெல் கண்ணாடி நிறுவனம் உருவாக்கிய முறை இது. வெப்பந்தாங்கி மணிகளுடன் சிலிக்கன், அலுமினியம் போன்ற தனிமங்களின் மிக நுண்ணிய தூள் கலக்கப்பட்டு, ஆக்சிசன் ஓட்டத்தில் சூடான சுவரின் மேல் வீசப்படுகிறது. தூள் சுவரில் பட்டதும் எரிந்து கடும் வெப்பத்தை வெளியிடுகிறது. சுவரின் மேற்பரப்பும் வந்துசேரும் மணிகளும் உருகி ஒன்றாகின்றன. எரிந்த தூளும் வீணாவதில்லை. சிலிக்கன் சிலிக்காவாகவும் அலுமினியம் அலுமினாவாகவும் மாறிச் சுவரின் பகுதியாகிவிடுகின்றன. பல பத்தாண்டுகள் குளிராமல் இயங்கும் கல்கரி அடுப்புகளிலும் கண்ணாடி உலைகளிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது. எஃகு ஆலைகளில் வார்ப்புக் கலங்கள் போன்றவற்றிலும் பயன்படுத்தப்படுகிறது.

கசடு பூசலும் கசடு தெறிப்பும்

எஃகை வடித்தபின் சிறிது கசடை உலையிலேயே விட்டு, உலையை முன்னும் பின்னும் சாய்த்து, சாயும் பக்கங்களில் கசடைப் படியவைப்பது கசடு பூசல் ஆகும். எளிய முறை, ஆனால் அச்சுகளின் பக்கம் உள்ள சுவர்களை இது எட்டுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், அப்போது எல்டிவி நிறுவனத்துக்கு உரியதாயிருந்த இந்தியானா ஆர்பர் ஆலை, கசடு தெறிப்பு முறையைச் செயலுக்குக் கொண்டுவந்தது. இதன் படிநிலைகள் வருமாறு:

* எஃகு வடிக்கப்படுகிறது; கசடு உலையில் தங்குகிறது.
* கசடு நீர்த்திருந்தால் டோலமைட்டு அல்லது மக்னீசியா சேர்த்துக் கெட்டியாக்கப்படுகிறது.
* உலை நிமிர்த்தப்பட்டு, ஆக்சிசன் செலுத்திய அதே குழல் வழியாக நைட்ரசன் வேகமாகச் செலுத்தப்படுகிறது.
* கசடு நாற்புறமும் தெறித்துச் சுவரில் ஒட்டி உறைகிறது. இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.
* மீதிக் கசடு கொட்டப்பட்டு அடுத்த ஈடு தொடங்குகிறது.

இதற்குத் தனி எந்திரம் தேவையில்லை. நைட்ரசனும் எளிதில் கிடைப்பது; காற்றிலிருந்து ஆக்சிசனைப் பிரித்தெடுக்கும்போது அது உடன் கிடைக்கிறது.

சுவரை அரிக்கும் கசடு எவ்வாறு சுவரைக் காக்க முடியும்? உப்பு நீரில் ஓரளவுக்கு மேல் உப்பு கரையாது. அதுபோலக் கசடும் ஓரளவுக்கு மேல் மக்னீசியாவைக் கரைக்க இயலாது. டோலமைட்டுச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கசடில் மக்னீசியாவின் பங்கை ஏறத்தாழ 8 முதல் 12 விழுக்காடு வரை முன்னதாகவே உயர்த்திவிட்டால், அதற்குச் செங்கல்லைக் கரைக்கும் ஆற்றல் குறைகிறது. சுவரில் உறையும்போது மக்னீசியாவும் கால்சியம் சிலிக்கேட்டுகளும் திண்மமாகி நிற்கின்றன. எளிதில் உருகும் இரும்பு ஆக்சைடு மிகுந்த பகுதி வழிந்துவிடுகிறது. அடுத்த ஈட்டில் தாக்கப்படுவது இப்பூச்சு, செங்கல் தப்புகிறது. பூச்சு கரைந்தாலும் இழப்பில்லை, அடுத்த ஈட்டின் கசடிலிருந்து மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

அந்த ஆலையில் 1994 ஆம் ஆண்டளவில் ஒரே உட்சுவர் 15,000க்கும் மேற்பட்ட ஈடுகளைக் கண்டது. நாளொன்றுக்கு 30 ஈடுகள் எனக் கொண்டால், 1,500 ஈடுகள் தாங்கும் சுவர் 50 நாட்களில் முடிந்துவிடும். 15,000 ஈடுகள் தாங்கும் சுவர் 500 நாட்கள் நிற்கும். இம்முறை பின்னர் சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் ஆலைகளிலும் பரவியது.

மின்வில் உலைகளில்

பழைய இரும்பை மின்வில்லால் உருக்கும் உலைகளில், மூன்று மின்முனைகளுக்கு நேர் எதிரே உள்ள சுவர்ப்பகுதிகளும் கசடு மட்டமும் மிகுதியாகத் தேய்கின்றன. இவ்விடங்கள் பீச்சுப் பூச்சால் காக்கப்படுகின்றன. அடித்தளத்தில் குழி விழுந்தால், எஃகை முற்றிலும் வடித்துவிட்டு உலர்ந்த மக்னீசியா மணிகளால் குழி நிரப்பப்படுகிறது. குழியில் எஃகு தேங்கியிருந்தால் நிரப்பிய மணிகள் அதன் மேல் மிதந்து, அடுத்த ஈட்டில் பெயர்ந்துவிடும். கசடை நுரைக்கவைத்து மின்வில்லை மூடுவது செப்பனிடும் தேவையையே குறைக்கிறது.

அளவிடல்

எங்கே செப்பனிடுவது என்பதை அறியாமல் பீச்சினால் பொருள் வீணாகும். முற்காலத்தில் அனுபவமிக்க பணியாளர், சுவரின் நிறத்தையும் நிழலையும் பார்த்து மெலிந்த இடங்களைக் கண்டறிந்தார். இப்போது லேசர் அளவிகள் பயன்படுகின்றன. லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. பல்லாயிரம் புள்ளிகளை அளந்து, புதிய சுவரின் வடிவத்துடன் ஒப்பிட்டு, எஞ்சிய தடிமன் வரைபடமாகப் பெறப்படுகிறது.

பாதுகாப்பு

உட்சுவர் எங்கேனும் முற்றிலும் தேய்ந்தால் உருகிய எஃகு வெளிக்கூட்டைத் துளைத்து வெளியேறும். கூட்டின் மேல் தோன்றும் செந்நிறப் புள்ளி அதற்கான எச்சரிக்கை ஆகும். உடனே உலையைச் சாய்த்து எஃகை வடித்தாக வேண்டும்.

நீர் பயன்படும் முறைகளில் வேறொரு தீங்கும் உண்டு. உருகிய உலோகத்துக்கோ கசடுக்கோ அடியில் நீர் சிக்கினால், அது நொடியில் நீராவியாகி வெடிக்கும். ஊதுலைகளிலும் இதே தீங்கு உண்டு. வேல்சில் உள்ள போர்ட் டால்பட் ஆலையின் ஐந்தாம் ஊதுலையில் 2001 நவம்பர் 8 அன்று, குளிர்விக்கும் அமைப்பிலிருந்து கசிந்த நீர் சூடான பொருட்களுடன் கலந்ததால் நேர்ந்த வெடிப்பில் மூவர் உயிரிழந்தனர். இதனால் பீச்சுவதற்கு முன் உலையில் உலோகம் தேங்கவில்லை என்பதும், பீச்சியபின் பூச்சு உலர்ந்துவிட்டது என்பதும் உறுதிசெய்யப்பட வேண்டும். பீங்கான் பற்றவைப்பில் நுண்தூளும் ஆக்சிசனும் ஒரே குழாயில் செல்வதால், தழல் பின்னோக்கிப் பாயும் வாய்ப்பு உள்ளது.

திறந்த உலைவாயின் அருகே நின்று பணியாற்றுவோர் கடும் கதிர்வீச்சு வெப்பத்துக்கும் தூசுக்கும் ஆளாகின்றனர். தொலைவிலிருந்து இயக்கப்படும் கைகளும் தானியங்கிகளும் இப்பணியைப் படிப்படியாக ஏற்று வருகின்றன.

வரம்புகள்

உட்சுவரை எல்லையின்றி நீட்டிப்பது எப்போதும் ஆதாயம் தருவதில்லை. கசடு தெறிப்பால் உலையின் அடித்தளத்திலும் வாயிலும் குழலிலும் கசடு படிந்து கெட்டியாகிறது. பல மாற்றுலைகளில் உருகிய எஃகைக் கலக்குவதற்காக அடியிலிருந்து வளி செலுத்தப்படுகிறது. படியும் கசடு அத்துளைகளை அடைத்துவிடும். கலக்கம் குறைந்தால் எஃகில் மிகும் ஆக்சிசனைப் போக்கக் கூடுதல் அலுமினியம் தேவைப்படும்; பாசுபரசு நீக்கமும் குன்றும். எனவே எஃகின் தரத்தை முதன்மையாகக் கருதும் ஆலைகள் சில, குறைந்த ஆயுளையே விரும்பி ஏற்கின்றன. செப்பனிடும் செலவு, புதுச்சுவரின் செலவு, எஃகின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது குறைந்த செலவைத் தரும் ஆயுளே உகந்த ஆயுள் ஆகும்.

இந்தியாவில்

இந்தியாவில் எல்-டி மாற்றுலையை முதலில் நிறுவியது ஒடிசாவின் ரூர்கேலா எஃகு ஆலையாகும். வெப்பந்தாங்கிகளுக்கான முதன்மைக் கனிமங்களுள் ஒன்றான மக்னசைட்டு தமிழ்நாட்டின் சேலம் பகுதியில் கிடைக்கிறது. அங்கு அது வெள்ளைக்கல் எனப்படுகிறது. இதைச் சூளையில் சுடும்போது கார்பன் டைஆக்சைடு நீங்கி மக்னீசியா கிடைக்கிறது. செங்கற்களுக்கும் செப்பனிடும் கலவைகளுக்கும் அதுவே மூலப்பொருள்.

இவற்றையும் பார்க்க

* எஃகு
* ஊதுலை
* மின்வில் உலை
* பெசிமர் முறை
* டோலமைட்டு
* மக்னசைட்டு